தாளுள்ள நாயும் இடுப்புள்ள நாயும்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஊசி போடுவிப்பதற்காக, நான் இருபத்துமூன்று வருடம் வேலை செய்த மிருக வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். இளைப்பாறி இரண்டு வருடமாகிறது. முன்மேசையில் எல்லாம் புது முகங்கள். என்னுடைய கடைசி வருடத்தில் வேலைக்குச் சேர்ந்த அபிராமி மட்டும் நின்றாள். பெரிய அல்சேசன் ஒன்றை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அதன் தோள்பட்டையில், அடையாள இலக்கத்தைக் காட்டும் வாசிப்புக் கருவியைப் பிடிக்கவில்லை.

"நம்பர் பாத்தனியோ?" என்றேன்.

"அன்ரி, அது இப்ப ஓட்டோ-ஃபில். ஓனர் வீட்டிலையே ஃபோனிலை என்டர் பண்ணிடுவினம். வீ டோன்ட் நீட் டு ஸ்கான்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. பூனைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை முகம் சிவந்து நின்றாள். மறுநாள் அவளே தொலைபேசி எடுத்தாள். "ஏன் அன்ரி அவ்வளவு கோவம்? சொல்லாட்டி எங்களுக்கு எப்பிடித் தெரியும்? எழுதித் தாங்கோவன்."

எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்றுதான் இத்தனை வருடம் பேசாமல் இருந்தேன். அது ஆறவில்லை, இனி ஆறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். நாயின் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, தோலுக்கடியில், ஒரு நெல்மணி அளவில் சில்லு ஒன்றை வைப்பார்கள். அதற்குள் பதினைந்து இலக்கங்கள். வாசிப்புக் கருவியை மேலே பிடித்தால் ஒரு தரம் கீச்சிட்டு இலக்கத்தைக் காட்டும். நாய் மாறாது என்பதற்கு அதுதான் சாட்சி. பிடிக்க ஐந்து விநாடி போதும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும்வரை நான் நாயைத் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டு நாய் வெளியில் நின்றது, மிச்சச் சோறு தின்றது, அவ்வளவுதான் உறவு. ரொறன்ரோ வந்து முதலில் கோப்பை கழுவினேன். பிறகு ஸ்காபரோவில் ஒரு மிருக வைத்தியசாலையில் கூடு கழுவினேன். கழுவிக்கொண்டே கல்லூரிக்குப் போய், பரீட்சை எழுதி, மிருக வைத்தியத் தொழினுட்பவியலாளர் என்று ஒரு பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். வேலையைக் கற்றது டொக்டர் மார்கரெட்டிடம்.

அவர் நெட்டையான வெள்ளைக்காரப் பெண்மணி. நரைத்த தலைமுடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருப்பார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. நாங்கள் பிழை விட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேற்சட்டைப் பைக்குள் வைப்பார். "இன்னொரு தரம்" என்பார். அவ்வளவுதான். ஒரு நாயைப் பற்றி எது சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "உன் கை என்ன கண்டது?" நாய்க்காரர் என்ன சொன்னார் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். இலக்கத்திலும் அப்படித்தான். நாயில் வாசி, தாளில் வாசிக்காதே என்று முதல் கிழமையே சொல்லிவிட்டார்.

இடுப்பு எக்ஸ்ரே எடுப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முதலில் மயக்க ஊசி. நாய் துணிபோலத் தொய்ந்த பிறகு அதை மல்லாக்காக ஒரு நீளத் தொட்டிக்குள் கிடத்த வேண்டும். முன்னங்கால்களின் மேல் மணல் பைகள். பின்னங்கால் இரண்டையும் நேராக இழுத்து, முழங்கால்களை உள்ளே திருப்பி, சிரட்டை எலும்புகள் நடுவில் வரும்படி தொடைகளைச் சுற்றி நாடா ஒட்ட வேண்டும். வால் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். இடுப்பு ஒரு நூல் சரிந்தாலும் நல்ல மூட்டு கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும். ஈயத்தில் செய்த சிறிய எழுத்துக்களால் இடம், வலம், இலக்கம் எல்லாவற்றையும் படத்திலேயே பதிக்க வேண்டும். ஒரே தடவையில் இரண்டு படம் எடுப்போம். ஒன்று நாய்களின் இனப் பதிவகத்துக்கு, மற்றது எங்கள் அலுமாரிக்கு. இலக்கத்துக்குப் பொறுப்பு என் கையெழுத்து.

எங்கள் ஆட்களுக்கு நாய் என்றால் அல்சேசன். வேறு நாயைக் கண்டால் "உதென்ன, பூனைக்குட்டியோ?" என்று கேட்பார்கள். காது நிமிர வேண்டும், முதுகு பின்பக்கம் சரிந்து இறங்க வேண்டும், நடந்தால் புலி பதுங்குவதுபோல இருக்க வேண்டும். அந்தச் சரிவுதான் அழகு என்று யாரோ தீர்மானித்து, தலைமுறை தலைமுறையாக அந்தச் சரிவுக்காகவே சோடி சேர்த்து, அந்த நல்ல மிருகத்தைப் பாழாக்கி வைத்திருக்கிறார்கள். தோல் கடி, காது நோய், எவ்வளவு தின்றாலும் செரிக்காமல் எலும்பாகிப் போகும் வருத்தம், வயிறு ஊதி முறுக்கிக்கொண்டு சில மணிநேரத்தில் சாவு, வயது போனதும் பின்கால் இழுத்துப்போதல் என்று எல்லாவற்றையும் நான் கண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் கொடியது இடுப்பு. தொடையெலும்பின் உருண்டை, கிண்ணம்போன்ற குழிக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். இந்த நாய்களில் பலவற்றுக்குக் குழியே ஆழமில்லை. தட்டையான பீங்கானில் வைத்த தேசிக்காய் மாதிரி உருண்டை வழுக்கும். ஒவ்வொரு அடியிலும் எலும்பு எலும்பில் உரசும். தாய் தகப்பனிடமிருந்து வருவது அது. அதனால்தான் குட்டி போடவிடுவதற்கு முன் படம் எடுத்து, பதிவகத்திடம் சான்றிதழ் வாங்குகிறார்கள்.

தயாபரனும் அதற்காகத்தான் வந்தான். ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் வீடு, பின்னால் பெரிய வேலி, அதற்குள் அல்சேசன்கள். குட்டி விற்பான், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். அவனிடம் சீசர் என்று ஒரு கடுவன் நாய் நின்றது. ஜெர்மனியிலிருந்து வந்த பரம்பரை, அதை எழுதிய தாள்கள் ஒரு கட்டு.

அது 2009 மே மாதம். என் தம்பி குடும்பத்தோடு வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தான். பங்குனிக்குப் பிறகு அவனிடமிருந்து தொலைபேசி இல்லை. வேலை முடிந்ததும் நான் ரயிலேறி நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லித் தெருவில் நின்ற சனத்தோடு சனமாய் நின்று கத்திவிட்டு வருவேன். தொண்டை கட்டிப்போய்த்தான் மறுநாள் வேலைக்கு வருவேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. டொக்டர் மார்கரெட் என்னை வீட்டில் நிற்கச் சொன்னார். வீட்டில் நின்றால் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தேன்.

அன்று காலை தயாபரன் வந்தான். கையில் நாய், மற்றக் கையில் வோபர்ன் பக்கத் தமிழ்க் கடையில் வாங்கிய இடியப்பப் பார்சல்.

"சாப்பிட்டிருக்க மாட்டியள் எண்டு தெரியும், அக்கா. தம்பியின்ரை ஆக்களைப் பற்றி ஏதும் தெரிஞ்சதோ?"

"ஒண்டும் தெரியேல்லை."

அவன் கண்ணும் கலங்கியது. அது பொய்க் கண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். நான் வாசிப்புக் கருவியை எடுத்தேன்.

"உதை விடுங்கோ அக்கா. நீங்கள் இருக்கிற நிலையிலை உதெல்லாம் ஏன்? சீசரை உங்களுக்குத் தெரியுந்தானே? நம்பர் இந்தத் தாளிலை கிடக்கு. நான் வாசிக்கிறன், நீங்கள் எழுதுங்கோ."

அவன் வாசித்தான். நான் எழுதினேன். வேறு எவன் சொல்லியிருந்தாலும் கருவியைப் பிடித்திருப்பேன். அன்று எங்கள் ஆள் ஒருவன் என் தோளிலிருந்து ஒரு வேலையை இறக்கிவிட்டதுபோல இருந்தது. உண்மையில் நன்றியாக இருந்தது. அதை எழுதும்போது இப்போதும் எனக்கு என் கன்னத்திலேயே அறைய வேண்டும்போல இருக்கிறது.

டொக்டர் இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே ஓடிவந்து மயக்க ஊசி போட்டுவிட்டுப் போனார். நான் நாயைக் கிடத்தினேன். வயிற்று மயிருக்கடியில் ஒரு மெல்லிய நீளக் கோடு விரலில் தட்டுப்பட்டது. பழைய தையல் தழும்பு. கை கண்டது. நான் கேட்கவில்லை.

படம் அழகாக வந்தது. டொக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, "இப்படி ஓர் இடுப்பை வருடத்தில் ஒருதரம் பார்த்தால் அதிகம்" என்றார். பிறகு முள்ளந்தண்டின் அடியைச் சுட்டினார். கடைசி எலும்பின் ஒரு பக்கச் சிறகு இடுப்பெலும்போடு ஒட்டியிருந்தது. "பிறவியிலேயே வருவது. இடுப்புக்குத் தீங்கில்லை. குறித்து வை." குறித்து வைத்தேன். மத்தியானம் அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துத் தம்பி ஒரு முகாமிலிருந்து யாருடைய தொலைபேசியிலோ பேசினான். நான் கொடுத்துவைத்தவள். சீசருக்கும் சான்றிதழ் கிடைத்தது, மிகச் சிறந்த இடுப்பு என்று.

அடுத்த வருடக் கோடையில் குணசீலனும் மனைவி வசந்தியும் மோர்னிங்சைடிலிருந்து வந்தார்கள். பத்து மாத அல்சேசன் ஒன்று, பெயர் வீமன். பெயரைப் பார்த்தால் சிரிப்பு வரும், நாயைப் பார்த்தால் வராது. வீமன் பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முயல்போலத் தத்தியது. இருந்தால் எழும்பமாட்டாமல் முன்கால்களால் தன்னை இழுத்தது.

வசந்தி நாயோடு உள்ளே இருந்தபோது குணசீலன் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, இவவின்ரை தாய், தேப்பன், ரெண்டு தங்கச்சியள், எல்லாரும் கடைசி வரைக்கும் உள்ளுக்கை நிண்டவை. ஒரு செய்தியும் இல்லை. எட்டு மாசமா இவ வீட்டுப் படி இறங்காமலே இருந்தவ. நான் வேலையாலை வந்தாலும் கதை இல்லை. நாய் எண்டால் வெளியிலை கூட்டிக்கொண்டு போகத்தானே வேணும் எண்டுதான் வாங்கினனான். இப்ப ரெண்டு நேரமும் நடக்கிறா. சனத்தோடை கதைக்கிறா. உவன் நடக்காட்டி இவவும் நடக்க மாட்டா. ஏதாவது செய்யுங்கோ."

வீமனைத் தொட்டிக்குள் கிடத்திப் படம் எடுத்தேன். இரண்டு உருண்டைகளும் குழிக்கு வெளியே நின்றன. டொக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தகப்பன் நாய் எது?" என்று கேட்டார். குட்டியோடு கொடுத்த கோப்புறையைக் குணசீலன் நீட்டினார். உள்ளே சீசருடைய சான்றிதழின் பிரதி. எங்கள் வைத்தியசாலையின் முத்திரை, என் கையெழுத்து. அந்தக் கோடையில் தயாபரனிடம் வாங்கிய அதே ஈற்றுக் குட்டிகள் இரண்டு ஏற்கெனவே நொண்டிக்கொண்டு வந்திருந்தன. அவற்றின் தகப்பனை நாங்கள் கேட்டிருக்கவில்லை.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"நல்ல இடுப்பு உள்ள நாய்க்கும் ஒரு கெட்ட குட்டி பிறக்கலாம். மூன்று பிறந்தால் நான் யோசிப்பேன். அந்த நாயின் இலக்கத்தை எங்கே வாசித்தாய், ராணி?"

"தாளில்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "உன் கை என்ன கண்டது?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் அந்தத் தழும்பு வாயில் வந்தது. வயிற்றில் நீளத் தையல் என்றேன். டொக்டர் எழுந்து பழைய படங்கள் இருந்த அலுமாரிக்குப் போனார். நானும் போனேன். சீசருக்கு நாங்கள் வயிற்றில் எதுவும் செய்ததில்லை. தயாபரனுடைய பெயரில் வேறொரு உறை இருந்தது. நாயின் பெயர் ரொமி. வேலி காவலுக்கென்று எங்கோ எடுத்த, பார்வைக்குச் சீசரைப் போலவே இருந்த, தாளில்லாத அல்சேசன். மூன்று வருடத்துக்கு முந்திய கோடையில் அது ஒரு மாங்கொட்டையை விழுங்கிவிட்டது. எங்கள் ஆட்களின் வீட்டு நாய்க்குத்தான் அந்த வருத்தம் வரும். குடல் அடைத்து, டொக்டர் வயிற்றைத் திறந்து கொட்டையை எடுத்தார். அன்று எடுத்த வயிற்றுப் படம் உறைக்குள் இருந்தது. வெளிச்சப் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம். இரண்டிலும் முள்ளந்தண்டின் கடைசி எலும்பு, அதே பக்கச் சிறகு, அதே கோணத்தில் இடுப்போடு ஒட்டியிருந்தது.

தாள் இருந்த நாய்க்கு இடுப்பு இல்லை, இடுப்பு இருந்த நாய்க்குத் தாள் இல்லை. ரொமியைக் கொண்டுவந்து கிடத்திவிட்டு, சீசரின் இலக்கத்தை எனக்கு வாசித்திருக்கிறான்.

அதோடு முடியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையின் முன்பதிவுக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முன்மேசைப் பிள்ளை காலையில் எழுதிய குறிப்பு: "தொலைபேசியில் கேட்டார், ராணி இன்று நிற்கிறாரா என்று. ராணிதான் வேண்டுமாம்." அன்று இதே குறிப்பைக் கண்டபோது, எனக்கு ஆறுதல் சொல்லத்தான் கேட்டிருக்கிறான் என்று நான் உருகியிருந்தேன். அவன் நாளைப் பார்த்து வந்திருக்கிறான். ஊர் முழுக்க அழுதுகொண்டிருந்த நாளில் ஒரு தமிழ்ச்சி கருவியைக் கீழே வைப்பாள் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறான். நாய் மாற்றியதைக்கூட நான் ஒருவேளை மறந்திருப்பேன். இதை மறக்க மாட்டேன்.

டொக்டர் அன்றே பதிவகத்துக்குக் கடிதம் எழுதினார். இலக்கத்தைச் சரிபார்க்காதது ராணி என்று ஒரு வரி. மயக்க ஊசி போட்டு, படத்தை வாசித்து அனுப்பியது தான் என்று ஒரு வரி. உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"அந்த வயிற்றைத் தைத்தது நான்" என்றார். "என் தையலை நான் அடையாளம் காணவில்லை. கையெழுத்துப் போடு."

போட்டேன். சான்றிதழ் இரத்தானது. இரண்டு கிழமை கழித்து தயாபரன் வாகனத் தரிப்பிடத்தில் என்னை மறித்தான்.

"என்ன அக்கா, வெள்ளைக்காரிக்கு எங்கடை ஆளைக் காட்டிக் குடுக்கிறியளோ? அங்கை சனம் அவ்வளவு செத்துக் கிடக்கு. நீங்கள் இஞ்சை ஒரு நாயின்ரை இடுப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

காட்டிக் கொடுப்பு. எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று தெரிந்தே எறிந்தான்.

"செத்த சனத்தை உன்ரை வாயாலை இழுக்காதை" என்றேன். "அண்டைக்குக் காலமை போன் எடுத்து, நான் வேலைக்கு வந்திட்டனோ எண்டு கேட்டனி. ஏன் கேட்டனி? அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அவன் காரில் ஏறிப் போனான். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை வரவில்லை. அவன் தாளில்லாமலேயே குட்டி விற்றான். எங்கள் ஆட்கள் வாங்கினார்கள். கோயிலில் இரண்டு மூன்று பேர் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள், ஒற்றுமையைக் குலைத்தேனாம். ஒற்றுமை! அந்த நொண்டிக் குட்டிகளை அவர்கள் ஒருவரும் தூக்கித் திரியவில்லை.

வசந்தியிடம் நானேதான் சொன்னேன். கடிதத்தைவிட அது கடினமாக இருந்தது. தாளில் வாசித்த இலக்கம், இடியப்பப் பார்சல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வீமனின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தச் செவ்வாய்க்கிழமையோ, அக்கா?"

"ஓம்."

"அண்டைக்கு என்ரை கண்ணுக்கும் ஒண்டும் தெரியேல்லை" என்றாள்.

வீமனுக்கு ஒரு பக்கத்தில் அறுவைச் சிகிச்சை செய்தோம். தொடையெலும்பின் உருண்டையை வெட்டி எடுத்துவிட்டால் தசையே மூட்டாகிப் பிடிக்கும். அந்தப் பக்கம் பிடித்தது. மற்றப் பக்கம் இரண்டு பக்கச் சுமையையும் தாங்க மாட்டாமல் உடைந்தே போனது. நோவுக்குக் கொடுத்த மருந்து வயிற்றைப் புண்ணாக்கியது. வசந்தி ஒரு துவாயை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, முன்கால்களால் மட்டும் அதை நடத்தினாள். பனியிலும் நடத்தினாள். ஆனால் நடந்தாள். குணசீலன் சொன்னதுபோல, ரெண்டு நேரமும்.

மாசி மாதத்தில் ஒரு காலை, அந்தத் துவாயோடுதான் கொண்டுவந்தார்கள். வீமன் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. தொட்டால் கடிக்க வாய் எடுத்துவிட்டு, கடிக்காமல் அழுதது. இனி வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை என்று டொக்டர் சொன்னார். குணசீலன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முன்கால் மயிரை மழித்தேன். டொக்டர் ஊசியை எடுத்தார்.

"கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் வசந்தி. என்னைப் பார்த்தாள். "நம்பரை வாசியுங்கோ."

"தேவையில்லை, பிள்ளை. இவன் வீமன்தானே. எல்லாருக்கும் தெரியும்."

"இல்லை. வாசியுங்கோ. அம்மா, அப்பா, தங்கச்சியள்... எங்கை, எண்டைக்கு, ஒரு இடத்திலையும் ஒரு எழுத்தில்லை. எங்கை போய்க் கேட்டாலும் அப்பிடி ஆக்கள் பதிவிலை இல்லை எண்டு சொல்லுறாங்கள். உவனை எண்டாலும் சரியா எழுதுங்கோ."

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் கருவியைத் தோள்பட்டைக்கு மேல் பிடித்தேன். ஒரு தரம் கீச்சிட்டது. வீமன் காதை அசைத்தது. ஒவ்வொரு இலக்கமாக உரத்து வாசித்தேன். ஒவ்வொன்றையும் அவள் எனக்குப் பின்னால் திருப்பிச் சொன்னாள். குரல் எட்டாவதில் உடைந்தது. அவள் அதைச் சொன்ன பிறகுதான் ஒன்பதாவதுக்குப் போனேன்.

பதினைந்தாவது நான்கு.

"நாலு" என்றாள் வசந்தி. நான் எழுதி முடிக்கும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டொக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.